மூடுபனியா, எம்.டி.யு.வா? தகவமையும் டிடெக்டரை கன்டெய்னர்களில் ஓட்டும்போது

படத்தில் உள்ள பொருள்களைக் கண்டுபிடித்துப் பெட்டி போடும் டிடெக்டர் மாடலின் எம்.ஏ.பி. (சராசரித் துல்லியத்தைச் சொல்லும் மதிப்பெண்) சட்டென்று ஐந்தாறு புள்ளி இறங்கியதும் பல குழுக்கள் எடுக்கும் முதல் முடிவு ஒன்றுதான்: “களத்தின் தன்மை மாறிவிட்டது, புதுப் படங்களைக் காட்டி மாடலைத் தகவமைத்துவிடுவோம்.” அது சரியாகவும் இருக்கலாம்; குற்றம் எம்.டி.யு.வில், அதாவது நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட்டுக்கு உள்ள உச்ச அளவில், இருக்கவும் கூடும். ஆகவே கேமராவிலிருந்து டிடெக்டர் வரை படம் எந்த வழியாக வந்தது, எத்தனை படம் வழியிலேயே விழுந்தது என்று பார்க்காமல் அந்தப் பயிற்சியைத் தொடங்கவே கூடாது.

சாதாரண டிடெக்டர் என்றால் நெட்வொர்க் கோளாறால் போவது ஒரு பதில் மட்டுமே. படம் வரவில்லை, அதற்கான பெட்டிகள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் டிடெக்டர் அப்படியல்ல. இன்று வந்து சேர்ந்த படங்களிலிருந்துதான் அது நாளைய எடைகளை (மாடலுக்குள் இருக்கும் எண்களை) உருவாக்குகிறது. எந்தப் படம் வந்து சேரும், எது சேராது என்பதை நெட்வொர்க் தீர்மானித்தால், பயிற்சித் தரவைப் பொறுக்கி எடுப்பதும் நெட்வொர்க்தான். இதை மறந்துவிட்டு நெட்வொர்க்கை ஒரு குழுவிடமும் மாடலை இன்னொரு குழுவிடமும் ஒப்படைத்தால், இரண்டு பக்கமும் பச்சை விளக்கு எரியும்போதே மாடல் கெட்டுக்கொண்டிருக்கும்.

எதற்குத் தகவமைப்பு, எதற்கு இல்லை

சாலைக் காட்சிகளில் இந்த ஆராய்ச்சிக்கு உரைகல்லாக இருப்பது 2016-இல் வெளிவந்த சிட்டிஸ்கேப்ஸ் தொகுப்பு. 50 நகரங்களில், பெரும்பாலும் ஜெர்மனியில், பகல் வெளிச்சத்தில் எடுத்தது. நுணுக்கமாகக் குறியிட்ட (எது எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்த) படங்கள் பயிற்சிக்கு 2975, சரிபார்ப்புக்கு 500. ஒவ்வொன்றும் 2048-க்கு 1024 பிக்சல். அந்தத் தெளிந்த படங்களின் மேலேயே ஆழத் தகவலை வைத்துக் கணக்கிட்டு மூடுபனியைப் பூசியதுதான் ஃபாகி சிட்டிஸ்கேப்ஸ். பனியின் அடர்த்தி மூன்று படிநிலைகளில் இருக்கும்: 0.005, 0.01, 0.02. பார்வைத் தொலைவாகச் சொன்னால் ஏறத்தாழ 600, 300, 150 மீட்டர். தெளிந்த படங்களில் குறியோடு பயின்று, பனிப் படங்களுக்குக் குறியில்லாமலே பழக வேண்டும் என்பது பந்தயம்.

2018-இல் சூரிக்கின் இ.டி.எச். ஆய்வாளர்கள் ஃபாஸ்டர் ஆர்.சி.என்.என். மாடலில் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். “இந்தப் படம் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது” என்று கண்டுபிடிக்கும் சிறிய வகைப்படுத்தி ஒன்றை முழுப் படத்துக்கும், இன்னொன்றை ஒவ்வொரு பெட்டிக்கும் வைத்தார்கள். அவற்றிலிருந்து வரும் கிரேடியன்டை (எடைகளை எந்தப் பக்கம் திருத்துவது என்று சொல்லும் எண்ணை) கூட்டலைக் கழித்தலாக மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். வகைப்படுத்தி தோற்கத் தோற்க, மாடல் எடுக்கும் அம்சங்கள் இரண்டு களத்துக்கும் பொதுவாகின்றன. தகவமைக்காதபோது 18.8 ஆக இருந்த எம்.ஏ.பி. 27.6 ஆனது. அந்தத் தொகுப்பில் ரயில் என்ற வகைக்கு மாதிரிகள் மிகக் குறைவு. அதனால் அந்த ஒரு வகையின் மதிப்பெண் ஓட்டத்துக்கு ஓட்டம் தாவும், எம்.ஏ.பி.யையும் கூடவே இழுக்கும். இரண்டு முறைகளை ஒப்பிடும்போது வகைவாரியாகப் பாருங்கள்.

இந்தியச் சாலைக்கு வந்தால் சிக்கல் வேறு. ஹைதராபாத், பெங்களூர் சாலைகளில் எடுத்த ஐ.டி.டி. தொகுப்பில் ஆட்டோரிக்‌ஷாவுக்குத் தனி வகை உண்டு. டிடெக்டர்களைப் பயிற்றுவிக்கப் பரவலாகப் பயன்படும் கோகோ தொகுப்பின் 80 வகைகளில் ஆட்டோ கிடையாது. தோற்றம் மட்டும் மாறியிருந்தால் தகவமைப்பு கைகொடுக்கும். வகையே இல்லாவிட்டால் கைகொடுக்காது. கோகோவில் பயின்ற மாடலுக்கு ஆட்டோவைக் கார் என்றோ லாரி என்றோ சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. குறியில்லாத படங்களை எத்தனை நாள் ஊட்டினாலும் அந்தத் தவறு இறுகுமே தவிரத் திருந்தாது. அதற்குத் தேவை சில நூறு குறியிட்ட பெட்டிகளும் வகைப்படுத்தும் தலைப்பகுதிக்கு மறுபயிற்சியும். அல்லது கிரவுண்டிங் டினோ (2023), யோலோ வேர்ல்டு (2024) போல, வகையின் பெயரைச் சொற்களாகவே கொடுக்கக்கூடிய மாடல்.

இப்போது அதிகம் புழங்குவது ஆசிரியர்–மாணவர் முறை. ஒரே மாடலின் இரண்டு நகல்கள். ஆசிரியர் லேசாக மாற்றிய படத்தைப் பார்த்துப் போலிக் குறிகள் தருவார். அதே படத்தின் நிறம், தெளிவு, சில சதுரங்கள் என்று பலமாகக் கலைத்ததைப் பார்த்து மாணவர் அந்தக் குறிகளை எட்டிப்பிடிக்க வேண்டும். மாணவரின் எடைகள் மெல்ல மெல்ல ஆசிரியருக்குள் கலக்கும். கலப்பு விகிதம் பொதுவாக 0.9996; அதாவது ஆசிரியரின் பழைய எடையில் பாதி கரைய சுமார் 1730 படிகள். 0.999 வைத்தால் 690 படிகளிலேயே கரைந்துவிடும். நச்சுத் தரவு வந்தால் ஆசிரியரும் அதே வேகத்தில் கெடுவார். போலிக் குறிக்கான நம்பிக்கை வரம்பை 0.7 முதல் 0.8 வரை வைப்பது வழக்கம். கார் போன்ற பெருவாரி வகைகள் இதை எளிதில் தாண்டும். மிதிவண்டி ஓட்டுபவர் போன்றவை தாண்டாது, தாண்டாததால் கற்பிக்கப்படாது, கற்பிக்கப்படாததால் அடுத்த சுற்றில் இன்னும் கீழே போகும். வகைக்கு ஒரு வரம்பு வையுங்கள். ஒரு படத்துக்கு வகைவாரியாக எத்தனை போலிக் குறிகள் வருகின்றன என்பதை 500 படிகளுக்கு ஒருமுறை வரைந்து பாருங்கள். ஏதாவது ஒரு வகை தொடக்கத்தில் இருந்ததில் பாதிக்கு இறங்கினால் ஓட்டத்தை நிறுத்துங்கள். நம்பிக்கை மதிப்பு வகையின் உறுதியைத்தான் சொல்கிறது, பெட்டியின் இடத்துல்லியத்தை அல்ல. அதனால் போலிக் குறிகளைக் கொண்டு பெட்டியின் ஓரங்களைத் திருத்தும் இழப்பைத் தொடக்கத்தில் அணைத்து வைப்பது நல்லது.

இவ்வளவும் மாடல் பக்கம். இனி படம் வரும் பாதை.

கனமான படம்தான் முதலில் விழும்

ஒரே தர அளவில் சேமித்தால், ஜேபெக் கோப்பின் கனம் படத்தில் உள்ள நுணுக்கத்தைப் பொறுத்தது. பனி மூடிய வெறிச்சாலை சிறிய கோப்பு. சந்தைத் தெருவில் ஆளோடு ஆள் ஒட்டி நிற்கும் காட்சி பெரிய கோப்பு. இரவில் சென்சார் இரைச்சல் நிறைந்த படமும் பெரியதுதான். ஆக, பாதையில் எங்காவது அளவைப் பார்த்து வெட்டும் ஒரு கத்தி இருந்தால் அது குருட்டாம்போக்கில் வெட்டுவதில்லை. கூட்டத்தையும் இரவையும் தேடிப்பிடித்து வெட்டுகிறது. எஞ்சிய படங்களைப் பார்த்துத் தகவமைந்த மாடல், கூட்டமில்லாத உலகத்துக்குப் பழகிவிடும்.

அந்தக் கத்தி பெரும்பாலும் இன்கிரஸ் வாசலில், அதாவது வெளிக் கோரிக்கைகள் கிளஸ்டருக்குள் (கன்டெய்னர்களை ஓட்டும் இயந்திரக் கூட்டத்துக்குள்) நுழையும் இடத்தில் இருக்கிறது. அந்த வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் சர்வர் ஏற்கும் கோரிக்கையின் உடல் அளவு, யாரும் மாற்றாத வரை 1 மெகாபைட், அதாவது 10,48,576 பைட். படத்தைப் பைட்டுகளாகவே அனுப்பினால் இந்த வரம்பு அப்படியே பொருந்தும். ஜேசன் என்ற எழுத்து வடிவச் செய்திக்குள் பேஸ்64 ஆக்கி (பைட்டுகளை எழுத்துகளாக மாற்றி) அனுப்பினால் மூன்று பைட் நான்காகும். 7,86,432 பைட் கொண்ட ஜேபெக் வரம்பைத் தொட்டுவிடும், கூட இருக்கும் கேமரா எண்ணும் நேரமும் சேர்ந்தால் தாண்டிவிடும். கிடைப்பது 413 என்ற பதில். அது டிடெக்டர் பாட்டுக்கு (பாட்: கன்டெய்னர் ஓடும் அலகு) வருவதற்கு முன்பே வாசலில் கொடுக்கப்படுவதால், பாட்டின் பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது. டிடெக்டரின் டாஷ்போர்டில் பிழை விகிதம் சுழியம் என்றே காட்டும்.

செய்ய வேண்டியது: பேஸ்64-ஐ விட்டுவிட்டுப் பைட்டுகளை நேராக அனுப்புங்கள். வரம்பை வெளிப்படையாக 8 மெகாபைட் என்று எழுதி வையுங்கள். அனுப்பும் பக்கத்தில் ஒவ்வொரு படத்தின் அளவையும் 100 கிலோபைட் அடுக்குகளாக எண்ணுங்கள். மதிப்பெண் கொடுத்த பக்கத்திலும் அதே அடுக்குகளில் எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கத்தி எங்கே விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மொத்த இழப்பு அரை சதவீதம் என்று அலட்சியமாகக் கடந்துபோகிற எண், 900 கிலோபைட் அடுக்கில் நூறு சதவீதமாக இருக்கலாம்.

இதே போன்ற இன்னொரு வரம்பு, நிரல்கள் ஒன்றையொன்று அழைக்கப் பயன்படும் ஜி.ஆர்.பி.சி.யில் உண்டு. பெறும் செய்தியின் உச்ச அளவு இயல்பாக 41,94,304 பைட். 640-க்கு 640 படத்தை மூன்று நிறத்தளங்களோடு எட்டு பிட் எண்ணாக அனுப்பினால் 12,28,800 பைட், கவலையில்லை. அதையே 32 பிட் தசமமாக்கி அனுப்பினால் 49,15,200 பைட்; ஒரே ஒரு படம்கூட உள்ளே போகாது. எட்டு பிட்டாக அனுப்பி, டிடெக்டர் பக்கத்தில் 255-ஆல் வகுப்பதே நல்லது. வரம்பை உயர்த்துவது எளிதுதான், ஆனால் நான்கு மடங்கு பைட்டை வீணாகச் சுமக்க வைப்பது சரியல்ல.

எம்.டி.யு.: சின்னது போகும், பெரிது தொங்கும்

கன்டெய்னர் நெட்வொர்க்கில் பாட்டிலிருந்து கிளம்பும் பாக்கெட், வேறு நோடுக்கு (கிளஸ்டரின் வேறு இயந்திரத்துக்கு) போக வேண்டுமென்றால் இன்னொரு உறைக்குள் போகிறது. வி.எக்ஸ்லான் உறையின் கனம் ஐ.பி.வி.4-இல் 50 பைட்: வெளி ஐ.பி. தலைப்பு 20, யு.டி.பி. 8, வி.எக்ஸ்லான் தலைப்பு 8, உள்ளே இருக்கும் ஈதர்நெட் தலைப்பு 14. நோடின் எம்.டி.யு. 1500 என்றால் பாட்டுக்கு 1450. கலிக்கோ என்ற கன்டெய்னர் நெட்வொர்க் மென்பொருளின் ஐ.பி.ஐ.பி. உறைக்கு 20 பைட் போதும், ஆகவே 1480. வயர்கார்டு வழியாகப் போனால் ஐ.பி.வி.4-க்கு 60, ஐ.பி.வி.6-க்கு 80. இதோடு கிளவுடின் அடிப்படை எண்ணும் ஊருக்கு ஊர் மாறும்: கூகுள் கிளவுடில் இயல்பு 1460, அமேசானின் வி.பி.சி.க்குள் 9001 வரை, ஆனால் இணையத்துக்கு வெளியே போனால் 1500. கேமராப் பக்கம் ஒரு வி.பி.என்., கிளஸ்டருக்குள் ஒரு வி.எக்ஸ்லான் என்று உறைக்குள் உறை போட்டால் இரண்டையும் கழிக்க வேண்டும். 1460-இல் வி.எக்ஸ்லான் போட்டுவிட்டுப் பாட்டின் எம்.டி.யு.வை 1450 என்றே விட்டுவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அங்கே சரியான எண் 1410.

எண் தவறானால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். அப்படி நின்றால் நல்லதாயிற்றே, உடனே தெரிந்துவிடும். நடப்பது இது: டி.சி.பி. கைகுலுக்கல் சின்னப் பாக்கெட், போய்விடும். உடல்நலச் சோதனை சின்னது, போய்விடும். படத்தின் முதல் பெரிய பாக்கெட் போகும்போது வழியில் ஒரு இடத்தில் விழும். “பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு” என்று திரும்பி வர வேண்டிய ஐ.சி.எம்.பி. செய்தியை ஃபயர்வாலில் யாரோ பாதுகாப்புக்காக மொத்தமாக அடைத்திருப்பார்கள். அனுப்புபவர் அதே பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார். இணைப்பு தொங்கும், கடைசியில் டைம்அவுட். அதுவும் எல்லாக் கோரிக்கைக்கும் அல்ல. ஒரே நோடில் இருக்கும் இரண்டு பாட்களுக்கு இடையே உறை கிடையாது, அங்கே படம் ஜோராகப் போகும். மூன்று நோடில் மூன்று பாட் இருந்தால் வந்த இடத்தைப் பொறுத்துச் சில படம் போகும், சில படம் தொங்கும். இந்தக் குழப்பமான காட்சிதான் எம்.டி.யு. கோளாறின் கையெழுத்து.

சோதிக்கும் முறை எளிது. ஒரு பாட்டுக்குள் நுழைந்து, வேறு நோடில் உள்ள பாட்டின் ஐ.பி.க்கு, துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1422 பைட் தரவு வைத்துப் பிங் அனுப்புங்கள். ஐ.சி.எம்.பி. தலைப்பு 8, ஐ.பி. தலைப்பு 20 சேர்ந்து 1450 ஆகும். பதில் வந்தால் 1450 போகிறது. வராவிட்டால் பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பதில் வரும் முதல் எண்ணோடு 28-ஐக் கூட்டினால் உண்மையான எம்.டி.யு.வுக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். ஒரு ஜோடி நோடில் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். பின்னால் சேர்த்த நோடு வேறு இயந்திர வகையாக இருக்கும், கோளாறு அங்கேதான் ஒளிந்திருக்கும். எல்லா ஜோடிகளையும் ஓட்டிப் பார்க்க, நோடுக்கு ஒரு பாட் ஓட்டும் டேமன்செட் ஒன்று போதும். சி.என்.ஐ. (பாட்களுக்கு நெட்வொர்க் தரும் மென்பொருள்) அமைப்பில் எண்ணைத் திருத்திய பிறகு பாட்களை அழித்து மீண்டும் உருவாக்குங்கள். பாட்டின் இடைமுகத்துக்கு எம்.டி.யு. எழுதப்படுவது அது பிறக்கும்போதுதான். பழைய பாட்கள் பழைய எண்ணோடேயே திரியும்.

இதோடு கலந்துபோகும் இன்னொரு கோளாறு யு.டி.பி. போர்ட். வி.எக்ஸ்லானின் பதிவான போர்ட் 4789, லினக்ஸில் ஃப்ளானல் என்ற சி.என்.ஐ. பயன்படுத்துவது 8472. கிளவுடின் ஃபயர்வால் விதிகளில் (செக்யூரிட்டி குரூப்) ஒன்றைத் திறந்து மற்றதை விட்டிருந்தால், நோடு தாண்டும் எதுவுமே, சின்னப் பிங்கூடப் போகாது. எம்.டி.யு. கோளாறிலிருந்து இதைப் பிரித்தறிய அதுவே போதும்.

நிலை வைத்திருக்கும் மாடல், நிலையறியாத சர்வீஸ்

இரண்டு துறைகளும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் இடம் இது. அதிகம் பேசப்படாததும் இதுதான்.

ஓடும்போதே தகவமையும் முறைகளில் மிக எளியது பேட்ச்நார்ம் அடுக்குகளின் (தொகுதி தொகுதியாக வரும் எண்களைச் சீராக்கும் அடுக்குகளின்) சராசரியையும் பரவலையும் வரும் படங்களுக்கு ஏற்பப் புதுப்பிப்பது. பைட்டார்ச் நூலகத்தில் இதன் மொமெண்டம் இயல்பாக 0.1. ஒவ்வொரு தொகுதிக்கும் பழைய மதிப்பில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். 22 தொகுதிகளில் பழையதில் பத்தில் ஒன்றுதான் மிஞ்சும். தொகுதிக்கு ஒரே படம் என்றால் ஒரு லாரி கேமராவை மறைத்த ஒரு நொடியிலேயே இருபத்தைந்து தொகுதிகள் கடந்துபோய், புள்ளிவிவரம் லாரியின் பக்கவாட்டுக்குப் பழகிவிடும். மொமெண்டத்தை 0.01-க்குக் குறையுங்கள், தொகுதிக்கு 8 படமாவது சேருங்கள்.

இப்போது இந்த மாடலை நான்கு பாட்களில் வைத்து, முன்னால் ஒரு கூபர்நெட்டீஸ் சர்வீஸை (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கூபர்நெட்டீஸில், கோரிக்கைகளைப் பாட்களுக்குப் பகிரும் பொது முகவரியை) வையுங்கள். சர்வீஸுக்குத் தன் பின்னால் இருப்பவை எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். சுரங்கப்பாதைக் கேமராவின் படமும் திறந்தவெளிக் கேமராவின் படமும் நான்கு பாட்களுக்கும் கலந்து போகும். ஒவ்வொரு பாட்டின் புள்ளிவிவரமும் எந்தக் கேமராவுக்கும் பொருந்தாத ஒரு கலவையாகும். ஒரே கேமராவின் அடுத்தடுத்த ஃபிரேம்கள் வேறுவேறு பாட்டுக்குப் போவதால் பெட்டிகள் மினுக்கும். பின்னால் இருக்கும் டிராக்கர் ஒரே காருக்கு மூன்று எண் கொடுக்கும். தகவமைப்பு முறை சரியில்லை என்று முடிவு கட்டி அதைக் கைவிடும் இடமும் இதுதான். முறையில் குற்றமில்லை, படங்களைப் பகிர்ந்த விதத்தில் குற்றம்.

சர்வீஸில் கிளையன்ட் ஐ.பி.யைப் பார்த்து ஒட்டவைக்கும் வசதி உண்டு, இயல்பாக 10,800 விநாடி நீடிக்கும். ஆனால் நடுவில் இன்கிரஸ் இருந்தால் எல்லாக் கேமராவும் இன்கிரஸின் ஐ.பி.யோடுதான் வரும், எல்லாம் ஒரே பாட்டில் போய் ஒட்டும். கேமரா எண்ணை ஹெடரில் வைத்து, என்வாய் போன்ற ஏழாம் அடுக்குப் பிராக்ஸியில் அந்த ஹெடரின் ஹாஷை (உள்ளீட்டிலிருந்து கணக்கிடும் மாறாத எண்ணை) கொண்டு வளைய முறையில் பகிருங்கள். ஒரு பாட் செத்தால் அதன் கேமராக்கள் மட்டும் இடம் மாறும். புள்ளிவிவரங்களைக் கேமரா எண்ணுக்குக் கீழே வெளியே சேமித்து வைத்தால், புதிய பாட் அவற்றை எடுத்துக்கொண்டு தொடரும். பேட்ச்நார்மின் எண்கள் மட்டும் என்றால் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும்.

ஜி.ஆர்.பி.சி. இதற்கு நேர் எதிரான சிக்கலைத் தரும். அது ஒரு நீண்ட இணைப்பைத் திறந்து எல்லாக் கோரிக்கையையும் அதிலேயே அனுப்புகிறது. சர்வீஸுக்காகப் பகிரும் வேலையைச் செய்யும் கூபெ-பிராக்ஸி பகிர்வது இணைப்புகளை, கோரிக்கைகளை அல்ல. சுமை கூடி இரண்டு பாட் நான்கானாலும் பழைய இணைப்புகள் பழைய இரண்டிலேயே கிடக்கும். புதிய ஜி.பி.யு. இரண்டும் சும்மா நிற்க, பழையவை மூச்சுத் திணறும். ஹெட்லெஸ் சர்வீஸும் (பாட்களின் முகவரிகளை நேராகத் தரும் சர்வீஸ்) கிளையன்ட் பக்கச் சுழற்சியும் வையுங்கள். கூடவே சர்வரில் இணைப்பின் ஆயுளுக்கு 5 நிமிடம் போல ஒரு வரம்பு வையுங்கள். அந்த வரம்பு இல்லாவிட்டால் கிளையன்ட் புதிய முகவரிகளைத் தேடவே தேடாது.

தாமதத்தின் நீளம் ஒரு துப்பு

“சில நேரம் மெதுவாக இருக்கிறது” என்ற புகாரில் பயனில்லை. எவ்வளவு மெது என்று விநாடிக் கணக்கில் எடுங்கள்; எண்ணே பெரும்பாலும் குற்றவாளியைக் காட்டிவிடும்.

சரியாக 5 விநாடி என்றால் குற்றவாளி டி.என்.எஸ்., அதாவது பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றும் சேவை. பாட்டிலிருந்து ஒரே நேரத்தில் போகும் இரண்டு யு.டி.பி. கேள்விகள் கர்னல் இணைப்புகளைக் குறித்து வைக்கும் கான்ட்ராக் பட்டியலில் மோதி ஒன்று விழுகிறது. ரிசால்வர் 5 விநாடி காத்திருந்து மறுபடி கேட்கிறது. என்டாட்ஸ் (பெயரில் இத்தனை புள்ளிக்குக் குறைவாக இருந்தால் முதலில் பின்னொட்டுகளைச் சேர்த்துத் தேடு என்ற அமைப்பு) என்பதன் இயல்பான மதிப்பு 5 இதை இன்னும் மோசமாக்கும்: இரண்டு புள்ளி கொண்ட ஒரு வெளிப்பெயரைக் கேட்டால் முதலில் கிளஸ்டரின் மூன்று பின்னொட்டுகளைச் சேர்த்துத் தேடிவிட்டு நாலாவதாகத்தான் உண்மைப் பெயரைத் தேடும். ஐ.பி.வி.4, ஐ.பி.வி.6 இரண்டுக்கும் சேர்த்து 8 கேள்விகள், ஒரு படத்தைச் சேமிப்பகத்திலிருந்து எடுப்பதற்கு. பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தால் இரண்டு கேள்வியோடு முடியும். நோடுக்கு நோடு டி.என்.எஸ். கேஷ் வைப்பது நிரந்தரத் தீர்வு.

1, 3, 7 விநாடி என்ற வரிசையில் வந்தால் இணைப்பின் முதல் பாக்கெட் விழுகிறது. மறுமுயற்சிகள் அந்த இடைவெளியில்தான் நடக்கும். கான்ட்ராக் பட்டியல் நிரம்பியிருக்கிறதா என்று நோடின் கர்னல் பதிவில் பாருங்கள். நெட்வொர்க் பாலிசியில் பழைய பாட்டின் அடையாளம் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியே வெளிச்செல்லும் எல்லாவற்றையும் அடைக்கும் பாலிசி போட்டவர் 53-ஆம் போர்ட்டை யு.டி.பி., டி.சி.பி. இரண்டிலும் திறந்துவிட்டாரா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

100 மில்லிவிநாடியின் மடங்குகளாக வந்தால் நெட்வொர்க்கே காரணமல்ல. சி.பி.யு. வரம்பு 100 மில்லிவிநாடிக் காலத்துண்டுகளில் அமலாகிறது. கன்டெய்னருக்கு 2 கோர் கொடுத்திருப்பீர்கள். உள்ளே பட நூலகமான ஓப்பன்சிவியும் பைட்டார்ச்சும் நோடின் 32 கோரையும் பார்த்து 32 திரெட் திறந்திருக்கும். துண்டின் தொடக்கத்திலேயே பங்கு முழுவதையும் தின்றுவிட்டு மீதி நேரம் உறைந்து நிற்கும். திரெட் எண்ணிக்கையைக் கோர் வரம்புக்குச் சமமாகக் கைப்படக் குறித்துவிடுங்கள். அந்த உறைவு உடல்நலச் சோதனையின் இயல்பான 1 விநாடிக் கெடுவை அடுத்தடுத்து மூன்று முறை தாண்டினால், கூபர்நெட்டீஸ் ஒழுங்காக வேலை செய்யும் டிடெக்டரைக் கொன்று மறுபடி எழுப்பும். கூட்டமான ஃபிரேம்களில் பெட்டிகள் அதிகம், வடிகட்டும் வேலையும் அதிகம். மறுபடியும் கூட்டப் படங்களே பலி.

ஆர்.டி.எஸ்.பி. கேமராக்கள்

ஆர்.டி.எஸ்.பி. என்பது கேமராவின் வீடியோவை நெட்வொர்க் வழியாக வாங்கும் முறை. கேமராவோடு இணைப்பு கிடைக்கிறது, ஆனால் ஒரு ஃபிரேம்கூட வரவில்லை என்றால் பெரும்பாலும் யு.டி.பி. வழிப் போக்குவரத்துதான் காரணம். பாட்டின் முகவரி வெளியே போகும்போது நோடின் முகவரியாக மாறுகிறது. கேமரா ஒப்புக்கொண்ட போர்ட்டுக்கு நோடை நோக்கி வீடியோவை அனுப்பும். அங்கே அதை வாங்க ஆளில்லை. டி.சி.பி. வழிக்கு மாற்றுங்கள்.

யு.டி.பி.யில் வந்தாலும் ஆபத்து உண்டு. லினக்ஸில் பெறும் தாங்கியின் உச்சம் இயல்பாக 2,12,992 பைட். ஒரு கீஃபிரேம் (மற்ற ஃபிரேம்களைச் சாராத முழுப் படம்) இதைவிடப் பெரிதாக ஒரே மூச்சில் வந்தால் வழிந்துவிடும். டிகோடர் ஓட்டையை முந்தைய ஃபிரேமின் துண்டுகளால் ஒட்டுப் போடும். அடுத்த கீஃபிரேம் வரை படம் இழுத்துத் தேய்த்தாற்போல் இருக்கும். நொடிக்கு 25 ஃபிரேம், இரண்டு நொடிக்கு ஒரு கீஃபிரேம் என்றால் 50 ஃபிரேம் வரை கறைபடும். ஆசிரியர் மாடல் அந்தப் பாதிக் காரையும் நீண்ட மனிதனையும் 0.85 நம்பிக்கையோடு குறியிடவும் கூடும், மாணவர் அதைப் பாடமாகப் படிப்பார். டிகோடர் பிழை சொன்ன கணத்திலிருந்து அடுத்த கீஃபிரேம் வரைக்கும் உள்ள ஃபிரேம்களைத் தகவமைப்பு வரிசையில் சேர்க்காதீர்கள். கண்டறிவதற்குக் கொடுக்கலாம், கற்பதற்குக் கூடாது.

சாட்சிப் படங்கள்

களம் மாறியதா, பாதை கெட்டதா என்று பிரித்துச் சொல்ல ஒரு வழி உண்டு, ஒருநாள் வேலைதான். குறியிட்ட 200 படங்களைத் தேர்ந்தெடுத்து கன்டெய்னர் இமேஜுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். இலகுவான படங்களாகப் பொறுக்காதீர்கள். குறைந்தது 40 படமாவது ஒரு மெகாபைட்டுக்கு மேல் இருக்கட்டும், இரவும் கூட்டமும் இருக்கட்டும். மணிக்கு ஒருமுறை அவற்றை மூன்று வழியில் ஓட்டுங்கள். முதலாவது, பாட்டுக்குள்ளேயே கோப்பிலிருந்து நேராக. இரண்டாவது, வேறு நோடில் உள்ள பாட்டிலிருந்து சர்வீஸ் வழியாக. மூன்றாவது, வெளியிலிருந்து கேமராவின் அதே பாதையில்.

ஒரே எடை, ஒரே பைட்டுகள். ஆகவே பெட்டியின் மூலைகள் அரை பிக்சலுக்குள்ளும் நம்பிக்கை மதிப்பு 0.01-க்குள்ளும் ஒத்துப்போக வேண்டும். முதல் வழியிலேயே மதிப்பெண் சரிந்தால் எடைகளையோ நூலகப் பதிப்பையோ பாருங்கள். படம் சிறிதாக்குவதை பில்லோ என்ற பட நூலகத்திலிருந்து ஓப்பன்சிவிக்கு மாற்றினாலே விளைவு மாறும்: பில்லோ சுருக்கும்போது நுண்கோடுகளை மழுக்கிவிடுகிறது, ஓப்பன்சிவியின் இயல்பான முறை அப்படிச் செய்வதில்லை. சிவப்பும் நீலமும் இடம் மாறியதும் இங்கேதான் பிடிபடும். முதல் வழி சரியாக இருந்து இரண்டாவதோ மூன்றாவதோ எண்ணிக்கையில் குறைந்தால் நெட்வொர்க். எண்ணிக்கை சரியாக இருந்து பெட்டிகள் மட்டும் நகர்ந்திருந்தால் நடுவில் யாரோ படத்தை மறுபடி ஜேபெக் ஆக்குகிறார்கள். அனுப்பும்போதும் பெறும்போதும் பைட்டுகளின் ஹாஷை ஒப்பிட்டால் யார் என்று தெரியும். மூன்று வழியும் சுத்தமாக இருந்து உண்மைக் கேமராப் படங்களில் மட்டும் தரம் குறைந்தால், அப்போது தகவமைப்பைத் தொடங்குங்கள்.

வாசலிலும் ஒரு காவல் வேண்டும். அளவு அடுக்குகளில் ஏதாவது ஒன்றில் 2 சதவீதத்துக்கு மேல் இழப்பு இருந்தால், அந்த மணி நேரத்துப் படங்கள் ஒன்றுமே தகவமைப்புக்குப் போகக் கூடாது. மிச்சமிருக்கும் நல்ல படங்களை வைத்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணம்தான் மாடலைச் சாய்க்கிறது.

புதிய எடைகளை வெளியிடும்போது “லேட்டஸ்ட்” என்ற அடையாளத்தைப் பயன்படுத்தாதீர்கள். மறுபடி எழுந்த பாட் ஒன்று புதிய எடையோடும் மற்றவை பழையதோடும் ஒரே சர்வீஸின் பின்னால் நிற்கும். ஒவ்வொரு எடைக்கும் தனிப் பதிப்பு எண் கொடுங்கள், பதிலோடு அந்த எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். எடையோடு கூடவே, அது எந்தெந்தப் படங்களைப் பார்த்து உருவானது என்ற ஹாஷ் பட்டியலையும் சேமியுங்கள். எம்.டி.யு. கோளாறு பத்து நாள் கழித்துத்தான் கண்ணில் படும். அன்றைக்கு அந்தப் பட்டியலைத் திறந்து, கோளாறு தொடங்கிய மணிக்கு முன்பு முடிந்த கடைசிப் பதிப்பு எது என்று எடுத்து, எல்லாப் பாட்களையும் அதற்கே பின்வாங்கி, அங்கிருந்து நல்ல படங்களைக் கொண்டு மறுபடி ஓட்டலாம்.